தாமிரபரணி வடிநிலத்தில் குவியல் சரக்கு

நெல், உப்பு, சுண்ணாம்புக்கல், சிமென்ட், நிலக்கரி போன்றவற்றை எண்ணிக் கொடுக்க முடியாது. அளந்தோ நிறுத்தோதான் கைமாற்ற முடியும். இத்தகைய பொருள்களே குவியல் சரக்கு. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் வடிநிலம், 1986 அக்டோபர் 20 வரை ஒன்றாயிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் முதுகெலும்பு. இங்கே குவியல் சரக்கை அளக்கவும் சுமக்கவும் கையாண்ட கருவிகளைப் பற்றியது இக்கட்டுரை.

பழைய அளவை கோட்டை. 21 மரக்கால் ஒரு கோட்டை என்பது தென்பாண்டிக் கணக்கு. வயலையும் அதே சொல்லால் அளந்தார்கள். ஏக்கர் வந்த பின்னும் ‘ரெண்டு கோட்டை விதைப்பாடு’ என்று சொல்லும் வழக்கம் போகவில்லை. விதைநெல்லை வைக்கோல்புரியால் பந்துபோல் இறுகச் சுற்றிச் சாணம் மெழுகி வைப்பதும் கோட்டைதான். அளவு, சிப்பம், சேமிப்பு மூன்றும் அதற்குள் அடங்கின. களத்தில் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். சண்டை எண்ணிக்கையில் வராது. கூம்பாகக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதில்தான் வரும். வாங்கும்போது குவிப்பு, கொடுக்கும்போது தலைதட்டு என்ற தந்திரத்துக்கு எடைத்தராசு முடிவு கட்டியது. ஆனால் ஈரநெல்லும் கனக்கும் என்பதால் தகராறு வேறிடத்துக்கு மாறியது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விவசாயி கவலையோடு பார்ப்பது தராசை அல்ல, 17 சதவீதத்தைத் தாண்டாதிருக்க வேண்டிய ஈரப்பதமானியை.

பருத்தி வேறு வழியில் போனது. காற்றடைத்த பஞ்சை அப்படியே ஏற்றினால் கப்பல் நிறையுமே தவிர எடை சேராது. ஆகவே அழுத்துப்பொறியில் நெருக்கிப் பொதிகளாகக் கட்டினார்கள். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை எழுப்பினர். ரயில் 1876-லேயே தூத்துக்குடிக்கு வந்துவிட்டிருந்தது. மரக்காலும் படியும் மெட்ரிக் சட்டத்தில் மறைந்தாலும், பருத்திச் சந்தையில் ‘கண்டி’ மட்டும் 356 கிலோ என்ற புதிய உடுப்பில் இன்றும் விலை சொல்லிக்கொண்டிருக்கிறது.

பழைய தூத்துக்குடித் துறைமுகம் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகள் சரக்கை எடுத்துச் சென்று ஏற்றின. ஒரே மூட்டை கரையில், தோணியில், கப்பலில் என்று மூன்று தடவை தோள் மாறியது. ஆழ்கடல் துறைமுகம் 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகே கப்பல் கரையை ஒட்டி நின்றது.

அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே தாழையூத்தில் இயந்திரம் தோளின் இடத்தைப் பிடித்திருந்தது. சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946-ல் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ் 1949-ல் அங்கே உற்பத்தியை ஆரம்பித்தது. ஆலைக் குடியிருப்பு சங்கர்நகர். சிமென்ட் ஆலை என்பதே பாதிக்குமேல் சரக்கு நகர்த்தும் வேலைதான்: கல்லை நொறுக்கி, அரைத்து, சூளையில் சுட்டு, வெளிவரும் கிளிங்கர் கட்டிகளை மறுபடி அரைக்க வேண்டும். கல்லைக் கொண்டுபோவது ரப்பர் வார்ப்பட்டை. அமெரிக்காவில் தாமஸ் ராபின்ஸ் 1890-களில் எடிசனின் இரும்புத்தாது ஆலைக்காக உருப்படுத்திய கருவி அது. அரைத்த மாவுக்குக் காற்றே போதும். அடியிலிருந்து காற்றை ஊதினால் சிமென்ட் தண்ணீரைப் போலக் குழாயில் ஓடும். மூட்டைக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய மூட்டை 112 பவுண்டு, புதியது 50 கிலோ. பழைய டன்னுக்கும் 20 மூட்டை, மெட்ரிக் டன்னுக்கும் 20 மூட்டை. சட்டம் மாறியது, லாரியில் அடுக்குபவரின் கணக்கு மாறவில்லை.

தூத்துக்குடி அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 1979-ல் இயங்கத் தொடங்கியது. 1992-க்குள் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து ஆயின. ஐந்தும் முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு 15,000 டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். பாரதீப், ஹால்டியா, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும் கரி, நிலக்கரித் தளத்தில் இறங்கி வார்ப்பட்டையிலேயே நிலையத்துக்குப் போகிறது. அத்தனை கரியையும் தராசில் வைப்பது எப்படி? கப்பலையே தராசாக்கிக் கொள்கிறார்கள். முன்புறம், நடு, பின்புறம் என இருபக்கமும் ஆறு இடங்களில் நீர்மட்டக் குறிகளைப் படித்து, கடல்நீரில் ஒரு வாளி மொண்டு மிதவைமானியால் அதன் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். இறக்குவதற்கு முன்னும் பின்னும் கப்பல் இடம்பெயர்த்த நீரின் எடை வித்தியாசத்தில் எரிபொருள், நன்னீர், சமநிலை நீர் ஆகியவற்றின் மாற்றத்தைச் சரிசெய்தால் கரியின் எடை கிடைக்கும். ஆர்க்கிமிடீசுக்குத் தெரிந்த விதிதான். அதே கரியின் சாம்பல் மூடிய டேங்கர் லாரியில் ஏறிச் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. பொசலானா சிமென்ட்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம்.

மிதவைமானியை உப்பளத்துக்காரரும் நன்கறிவார். அவர் பேச்சில் அது ‘டிகிரி’. போமே அளவில் 25 டிகிரியை ஒட்டித்தான் பாத்தியில் உப்பு படியத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியக் கசப்பும் சேரும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். தூத்துக்குடி உப்பில் இயந்திரம் பாதி வழிதான் வந்திருக்கிறது. உவர்நீரை மோட்டார் இறைக்கிறது. அம்பாரத்திலிருந்து லாரிக்கு அள்ள ஜேசிபி, லாரியை வெறுமையாகவும் நிறைத்தும் நிறுக்க எடைமேடை. வெர்மான்டில் தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ் சணல் வண்டிகளை நிறுக்க 1830-களில் செய்த மேடைத்தராசின் வழிவந்தது அது. ஆனால் பாத்தியிலிருந்து வரப்பு வரை பல அளங்களில் இன்னும் தலைச்சுமைதான். சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல. குஜராத்தின் பெரிய அளங்களில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. காரணம் உடைமையில் இருக்கிறது. நிலக்கரிப் பட்டையின் ஒருமுனையில் இறங்கும் கரியும் மறுமுனையில் நிற்கும் கொதிகலனும் ஒரே மின்வாரியத்துடையவை. அதனால் பட்டைக்கு முதல் போட்டார்கள். சில ஏக்கர் குத்தகை அளங்களாகத் துண்டுபட்ட இடத்தில் அந்த முதலைப் போட யாருக்கும் கட்டுப்படியாகவில்லை, கூலி குறைவாக இருக்கும்வரை தேவைப்படவும் இல்லை.