காவிரிப் படுகை எண்ணெயும் அயல்முதலீடும்

காவிரிப் படுகை எண்ணெய்த் தொழில் என்பது புதுச்சேரி முதல் இராமநாதபுரம் வரை கடலோரத்திலும் கடலடியிலும் பரந்த படிவுப் பாறைகளில் நடக்கும் கச்சா எண்ணெய், எரிவாயு அகழ்வையும் அதனையொட்டிய சுத்திகரிப்பையும் குறிக்கும்.   விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கில் மரக்காணத்துக்கு அப்பாலுள்ள கடலிலும் 2018-இல் வேதாந்தா நிறுவனம் தேடல் உரிமம் பெற்றது. இத்தொழிலின் வரலாறு ஓர் உண்மையை நிறுவுகிறது: அயல்முதலீட்டால் நாடு அடையும் பயன், வந்த பணத்தின் அளவைவிட உடன்படிக்கையின் நிபந்தனைகளையே சார்ந்தது.

1960-இல் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்கு மலிவாகக் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அதை இங்கிருந்த தங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க பர்மா-ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய அயல்நிறுவனங்கள் மறுத்தன. ஆலை நம் மண்ணில் இருந்தாலும் முடிவு பிறர் கையில் என்பது அன்று வெளிப்பட்டது. 1965-இல் அமைந்த மதராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தில் அரசு 74 விழுக்காட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அமெரிக்க அமோக்கோவுக்கும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கும் தலா 13 விழுக்காடு தந்தது. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் திறனுள்ள அதன் மணலி ஆலை சென்னை அருகே 1969-இல் இயங்கத் தொடங்கியது. தங்கள் ஈரானிய எண்ணெய்க்குச் சந்தை தேடியே அவர்கள் பங்கெடுத்தனர் என்பது நியாயமான குறை. ஆயினும் 1979 ஈரானியப் புரட்சியைக் கடந்தும் ஆலை நிலைத்தது. 1985-இல் அமோக்கோ தன் பங்கை அரசுக்கு விற்று விலகியபோதும் தடையின்றி ஓடியது. பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருந்ததே இதற்கு அடிப்படை. அந்த நிறுவனமே இன்றைய சென்னை பெட்ரோலியம்.

அகழ்வின் கதை வேறு. அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி 1988-இல் இப்படுகையில் கண்டறிந்த பிஒய்-3 கடல் வயல், உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தின்படி பிரிட்டனின் ஹார்டி நிறுவனத்தின் பொறுப்பில் 1997-இல் எண்ணெய் தரத் தொடங்கியது. 40 விழுக்காட்டுடன் மிகப் பெரிய பங்காளி ஓஎன்ஜிசியே. ஆனாலும் வயலை நடத்தியது 18 விழுக்காடு கொண்ட ஹார்டி. குத்தகைக்கு எடுத்த மிதவைக் கலத்தின் காலம் முடிந்து 2011-இல் உற்பத்தி நின்றது. அடுத்த கட்டத்துக்குப் பங்காளிகள் ஒருமனப்படாததால் நல்ல வயல் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பணமும் நுட்பமும் வந்தன. இக்கட்டில் முடிவெடுக்கும் வழி மட்டும் வகுக்கப்படவில்லை.

தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, நிபந்தனைகளைக் கடுமையாக்கினால் முதலீட்டாளர் வரமாட்டார் என்று வாதிடுவோர் உண்டு. ஆழ்கடலில் துளையிட்டு ஏமாறும் இடரை ஏற்பவருக்குத் தக்க ஆதாயம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 74 விழுக்காட்டை அரசு விடாதபோதும் மணலிக்கு இரு அயல்நிறுவனங்கள் வந்தன. மறுபுறம், 2010-இல் மன்னார்குடியில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி பெற்ற மீத்தேன் உரிமம் உழவர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2020-இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. மண்ணில் வாழ்வோரின் இசைவைப் பெறாத ஒப்பந்தம் முதலிட்டவருக்கும் பயன்படவில்லை. ஆகவே மரக்காணம் கடலோரத்துக்கான எந்த ஒப்பந்தமும் பெரும்பான்மை உரிமை, விலகும்போது செய்யவேண்டிய கடமை, மீனவர் இசைவு ஆகிய மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும்.