தீங்கு நேர்ந்த பிறகு: குழந்தைத் தடுப்பூசி, பெற்றோரின் முடிவு, சுகாதாரத் துறையின் மௌனம்

தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றவர்கள் 1998–99இல் 88.8 விழுக்காடு. 2005–06இல் அது 80.9 ஆகியது, 2015–16இல் 69.7க்கு இறங்கியது, 2019–21இல் 89.2க்கு ஏறியது. நான்கும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தரும் எண்கள். இந்தக் காலம் முழுவதும் பெண்கல்வி வளர்ந்துகொண்டேதான் இருந்தது. 2015–16 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பிரசவங்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்தன. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனையை நம்பி வந்த தாய்மார்களின் குழந்தைகளிலேயே பத்தில் மூன்றுக்கு ஏதேனும் ஒரு தவணையாவது விடுபட்டிருக்கிறது. இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

இந்த எண்களைக் கவனமாகவே கையாள வேண்டும். தடுப்பூசி அட்டை வீட்டில் இருந்தால் அதைப் பார்த்தும், இல்லையென்றால் தாயின் நினைவைக் கேட்டும் கணக்கெடுப்பாளர்கள் பதிகிறார்கள். அட்டையைத் தொலைத்த வீட்டில் போட்ட ஊசியும் போடாததாகிவிடக்கூடும். 2015ஐ ஒட்டி நடந்த வேறோர் ஆய்வு மாநிலத்துக்கு இதைவிடக் கூடிய விழுக்காட்டைத் தந்தது. எனவே சரிவின் துல்லியமான அளவைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் மாநிலம் பின்னடைந்தது என்பதைப் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் பலரும் ஏற்கிறார்கள்.

தடுப்பூசியைப் பெற்றோர் மறுப்பதற்கான காரணத்தை நாம் வழக்கமாக அவர்களுடைய மனத்துக்குள் தேடுகிறோம்: நம்பிக்கை, அச்சம், வதந்தி, மதம். அவை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த முடிவைப் பெருமளவு உருவாக்குவது சுகாதாரத் துறையின் நடத்தை, குறிப்பாக ஒரு தீங்கு நேர்ந்த பிறகு அது நடந்துகொள்ளும் விதம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. தட்டம்மைத் தடுப்பூசி குப்பியில் உலர்ந்த தூளாக வருகிறது. அதற்கென உள்ள கரைப்பானை ஊற்றிக் கரைத்த பின்னரே போட வேண்டும். கரைத்ததை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். தவறான திரவம் கலந்தாலோ, கரைத்த குப்பியில் கிருமி வளர்ந்தாலோ, நல்ல மருந்தே உயிரைப் பறிக்கும். இத்தகைய மரணங்கள் ஊரை உலுக்கும்போது துறைக்கு முன் இரண்டு வழிகள் உண்டு. என்ன நடந்தது, யார் பொறுப்பு, இனி என்ன மாறும் என்பதை ஊர்க்காரர்கள் முன் வந்து சொல்வது ஒன்று. ஊர்ப்பக்கம் போவதையே குறைத்துக்கொள்வது மற்றொன்று. தமிழ்நாட்டில் இரண்டாவதுதான் நடந்தது. கிராம சுகாதார செவிலியர் துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் ஊசி போட்டுவந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. மருத்துவ அலுவலர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் தடுப்பூசி ஒதுங்கியது.

பாதுகாப்பு நோக்கிலிருந்து பார்த்தால் முடிவில் நியாயம் இருந்தது. ஊசிக்குப் பிறகு குழந்தைக்கு ஏதேனும் ஆனால் மருத்துவர் அருகில் இருப்பார். ஆனால் தாயின் கணக்கு வேறு. முன்பு தெருமுனையில் அரை மணியில் முடிந்த வேலைக்கு இப்போது பேருந்து ஏற வேண்டும். ஊசி போடும் நாளான புதன்கிழமைக் கூலி போய்விடும். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரையாவது கெஞ்ச வேண்டும். திரும்பி வந்த இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வியாழக்கிழமைக் கூலியும் போகும். இத்தனைக்கும் மேலாக, ஒரு செய்தி சொல்லாமலே சொல்லப்பட்டுவிட்டது: இந்த ஊசியை மருத்துவர் இல்லாத இடத்தில் போடத் துறைக்கே பயம். எந்த வதந்தியாலும் இவ்வளவு அதிகாரத்தோடு அந்தச் செய்தியைப் பரப்பியிருக்க முடியாது. சரிவுக்கு இந்த ஒரு முடிவே முழுக் காரணம் என்று நான் வாதிடவில்லை. சரிவு 2008க்கு முன்பே தொடங்கிவிட்டதை மேற்கண்ட எண்களே காட்டுகின்றன. ஏற்கெனவே தளர்ந்திருந்த பிணைப்பை அது மேலும் தளர்த்தியது என்பதுதான் என் கருத்து.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் இந்த வரலாறு மிகக் கொடூரமாக நடந்தேறியது. 2018 ஜூலையில் அங்கே சவாய் தீவில் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டு குழந்தைகள் இறந்தன. தட்டம்மை, தாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி அது. தூளைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைச் செவிலியர்கள் கலந்திருந்தனர். குற்றத்தை ஒப்புக்கொண்ட இருவருக்கும் 2019இல் சிறைத்தண்டனை கிடைத்தது. மருந்தில் பிழையில்லை, கலந்ததில்தான் பிழை என்பது தெளிவாகிக்கொண்டிருந்தது. ஆயினும் அரசு அந்தத் தடுப்பூசியை நாடு முழுவதும் பல மாதங்கள் நிறுத்திவைத்தது. 2018இல் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை பெற்றவர்கள் ஏறத்தாழ 31 விழுக்காடு என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் மதிப்பிட்டன. மறு ஆண்டு தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 83 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். தமிழ்நாட்டின் 7.2 கோடி மக்களுக்கு அதே விகிதத்தைப் பொருத்தினால் ஏறத்தாழ 30,000 சவங்கள்.

சமோவாவின் கதையில் அதன்பின் நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2019 டிசம்பரில் இரண்டு நாள் அரசு அலுவலகங்களை மூடிவிட்டுக் குழுக்கள் வீடுவீடாகச் சென்றன. ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள், மக்கள் கட்டினார்கள். சில வாரங்களில் தடுப்பூசி பெற்றவர்களின் விழுக்காடு 95ஐ நெருங்கியது. கண்ணெதிரே குழந்தைகள் சாவதைப் பார்த்த அச்சமும் அரசின் கட்டாய ஆணையும் இதில் பங்காற்றின என்பது உண்மை. ஆனாலும், கொள்கையாகவே தடுப்பூசியை மறுத்த சமூகம் என்றால் இவ்வளவு விரைவாக மனம் மாறியிராது. செவிலியர் வாசலுக்கு வந்ததும் பெரும்பாலோர் கையை நீட்டினார்கள்.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா இயக்கம் வேறு வகைத் தயக்கத்தை வெளிக்கொணர்ந்தது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை உள்ள அனைவருக்கும், முன்பு போட்டிருந்தாலும், ஒரு தவணை என்பது திட்டம். பள்ளிகளே களமாக இருந்தன. சில நாள்களுக்குள் வாட்ஸ்அப் செய்திகள் பரவின: பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போகும், வெளிநாட்டுச் சதி, ஆட்டிசம் வரும். பெற்றோர் பலர் அந்த நாள்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஆட்டிசம் பற்றிய வதந்திக்கு மூலம் தெரிந்ததே: ஆன்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து லான்செட் இதழில் எழுதிய கட்டுரை. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது.

வதந்திகளுக்கு நடுவே ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. ‘எங்க பிள்ளைக்குத்தான் சின்ன வயசுலயே போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?’ இதைக் கேட்ட தாயை வதந்தி பரப்புபவரோடு சேர்த்து எண்ணியது பெருந்தவறு. அவர் கேட்டது நோய்ப்பரவலியலின் மையக் கேள்வி. அதற்குத் தெளிவான விடையும் உண்டு. ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகளிடம்தான் எதிர்ப்பாற்றலை உண்டாக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் எஞ்சியிருப்பதே காரணம். மீதிப் பேரை இன்னொரு தவணையால்தான் எட்ட முடியும். ரூபெல்லாவோ அதுவரை அரசின் அட்டவணையிலேயே இல்லாதது.

ரூபெல்லாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அன்று சொல்லப்படாமல் போனது அதுதான். குழந்தைக்கு வந்தால் அது இலேசான காய்ச்சல், தடிப்பு. பல பெற்றோர் கவனிக்கக்கூட மாட்டார்கள். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால் சிசுவின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கும். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்து இத்தொடர்பைக் கண்டறிந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுகள் இங்கும் அந்தச் சுமை இருப்பதைக் காட்டின. இந்தத் தடுப்பூசியை அரைகுறையாகப் போட்டால் கேடு கூடலாம். கிரேக்க நாட்டில் 1970களிலிருந்து குறைந்த அளவிலேயே போட்டுவந்தார்கள். சிறுவர்களிடையே பரவல் குறைந்தது. தொற்றாமலும் ஊசி பெறாமலும் வளர்ந்த பெண்கள் தாயாகும் வயதை எட்டினார்கள். 1993இல் பரவிய ரூபெல்லாவை அடுத்துப் பிறவிக் குறைகளோடு குழந்தைகள் பிறந்தன. ஆகவேதான் 15 வயது வரை எல்லாரையும் ஒரே நேரத்தில் எட்டும் திட்டம். இதைப் பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். பல இடங்களில் பெற்றோர் கையில் கிடைத்தது ஒரு சுற்றறிக்கை மட்டுமே.

விளக்குவதைவிட இணங்கவைப்பதை மேலாக எண்ணும் பழக்கம் இங்கே புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரியம்மைத் தடுப்பை மக்கள் ஏற்க வேண்டும் என்பதற்காகச் சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல் ஒரு தமிழ்ப் படைப்பு உருவாக்கப்பட்டது. சென்னையில் கம்பெனி அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ் எழுதியதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோக்கம் நல்லது, வழி ஒரு வேடம். மக்கள் காரணத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை அதில் இல்லை.

பெற்றோர் பக்கத்தையும் விமர்சனமின்றி விட்டுவிட முடியாது. இலானா ரிட்டோவும் ஜோனதன் பாரனும் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியபடி, ஊசியால் நேரக்கூடிய சிறு ஆபத்தைவிட நோயால் நேரும் பெரிய ஆபத்தையே பலர் ஏற்கத் தயாராக இருக்கிறார்கள். செய்து கெடுப்பதைவிடச் செய்யாமல் கெடுவது குறைந்த பாவமாகத் தோன்றுகிறது. வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணிக் காத்திருந்து, பிள்ளை தேறியதைக் கண்ட பாட்டிக்குத் தட்டம்மை வந்து போகும் ஒன்று. தேறாத பிள்ளைகளைப் பற்றிய நினைவு ஊரில் மங்கிவிட்டது; அதை மங்கவைத்ததும் தடுப்பூசிதான். தட்டம்மை கண்ட ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு மூளை அழற்சி வருகிறது. ஊசியால் மூவாயிரம், நாலாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். அது பெரும்பாலும் தடமின்றி மறைந்துவிடும். இரண்டு எண்களையும் ஒன்றாகவே சொல்ல வேண்டும். பின்னதை மறைத்தால், அந்த வலிப்பைக் கண்ட தாய் முன்னதையும் நம்பமாட்டார்.

இது ஒரு வீட்டின் முடிவு மட்டும் அன்று. தட்டம்மை கண்ட ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்கிறார். மறுப்பவரின் பிள்ளை தேறிவிடலாம்; அண்டை வீட்டின் ஆறு மாதக் குழந்தைக்கு ஊசி போடும் வயதே ஆகவில்லை. அந்தக் குழந்தையின் பொருட்டுப் பிறர் பிள்ளையின் தோளில் ஊசி ஏற்றக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். அப்படிக் கேட்கும் சமூகம், லட்சத்தில் ஒரு குழந்தைக்குக் கேடு வந்தால் அந்த வீட்டைக் கைவிடக் கூடாது. பிரிட்டன் 1979இலும் அமெரிக்கா 1986இலும் தடுப்பூசியால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரச் சட்டம் இயற்றின. இந்தியாவின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்துக்கு அத்தகைய சட்டம் இல்லை. கோவிட் தடுப்பூசி வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், பாதகங்களைத் தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவதற்குப் பொதுமக்கள் அணுகக்கூடிய வழி வேண்டும் என்று பணித்தது. தடுப்பூசிக்குப் பின் நேரும் மரணங்களை ஆராய மாவட்ட அளவு முதல் தேசிய அளவு வரை குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் முடிவு, இறந்த குழந்தையின் ஊரில், தமிழில், அதே கிராம சுகாதார செவிலியர் உடனிருக்க வாசிக்கப்பட வேண்டும். இழப்பீடும் அந்தக் கூட்டத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். அடுத்த புதன்கிழமை அந்த ஊரில் தடுப்பூசி முகாம் வழக்கம்போல் நடக்க வேண்டும்.