தற்காலிகம்னு சொல்லி அனுப்பினாங்க

பிலிப்பைன்ஸ்காரங்க இத்தனை பேர் வெளிநாட்டு வேலைக்குப் போறது ஆசையாலா, கட்டாயத்தாலா? ரொம்ப நாளா எனக்குள்ள இருந்த கேள்வி.

1906-ல ஹவாய் கரும்புத் தோட்டத்துக்கு 15 பேர் போனாங்க. ஆனா இதை அரசாங்க ஏற்பாடாவே ஆக்கினது 1974-ல மார்க்கோஸ் போட்ட தொழிலாளர் சட்டம். உள்ளூர்ல வேலையில்லை, வளைகுடாவுல ஆள் தேவை. சமாளிக்க ஒரு தற்காலிக வழி, அவ்வளவுதான்னாங்க. 1982-ல, சம்பளத்துல குறைஞ்சது பாதியை வங்கி வழியா ஊருக்கு அனுப்பியே ஆகணும்னு உத்தரவு வேற!

1995-ல வீட்டு வேலைக்குப் போன ஃபுளோர் கொன்டெம்பிளேசியோனை சிங்கப்பூர்ல தூக்குல போட்டாங்க. நாடே கொதிச்சது. பொருளாதார வளர்ச்சிக்காக வெளிநாட்டு வேலையை அரசு ஊக்குவிக்காதுன்னு அதே வருஷம் சட்டம் வந்துச்சு. 2021-லயோ அதுக்குன்னே தனி அரசுத் துறைக்கும் சட்டம் போட்டாச்சு. தற்காலிகமாம்!

எனக்குப் பட்டது இதுதான்: பிள்ளைகளைப் பாத்துக்க பாட்டியோ சித்தியோ ஊர்ல தங்கினாத்தான் அம்மா விமானம் ஏற முடியும். போறதும் தங்கறதும் ஒரே குடும்பத்தோட ஒரே முடிவு. நாம போறவங்களை மட்டும்தான் எண்ணிக்கிட்டிருக்கோம்.