ரிமோட் கார் டயருக்கும் ஒரு சரித்திரம் உண்டு!

மலர்க் குழுவினர் போன் செய்து "ஏதாவது சரித்திரக் கட்டுரையா குடுங்க" என்றார்கள். சோழர், பல்லவர் பற்றி எழுத நம் சங்கத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு ரப்பரோடு மாரடிக்கிற எனக்குத் தெரிந்த சரித்திரம் டயர் சரித்திரம்தான். அதிலும் உள்ளங்கை அகல டயர்!

இன்றைய மாணவத் தம்பிகள் சிலர் கல்லூரி ஹாலில் ரிமோட் கார் ஓட்டுகிறார்கள். பாதி மொசைக் தரை, பாதி கார்ப்பெட். "அண்ணா, எந்த டயர் வாங்கறது? ஒரு செட் வாங்கினாலே மெஸ் பில் கட்டின மாதிரி ஆயிடுது" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடிப் பல நாட்டுக்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதை 1966-ல் தொடங்குகிறது. இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா என்ற ஊரில் எல்ஜி என்ற பொம்மைக் கம்பெனி, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு ஃபெராரி காரை ரேடியோ கன்ட்ரோலோடு விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே அது இங்கிலாந்துக் கடைக்கு வந்துவிட்டது. பிறகு 1976-ல் ஜப்பானின் டாமியா கம்பெனி போர்ஷே 934 காரை விட்டதும் இந்தப் பைத்தியம் உலகம் முழுக்கப் பிடித்தது.

இங்கிலாந்தில் இந்த ஆட்டத்துக்கு ஒரு தொல்லை: மழையும் குளிரும். அதனால் குளிர்காலத்தில் பள்ளிக்கூட ஹால், ஸ்போர்ட்ஸ் ஹால் என்று உள்ளே புகுந்துவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த மூன்று வருடத்தில் நானும் ஒரு ஹாலுக்குப் போய் வந்தேன். பாலிஷ் போட்ட மரத்தரை, நடுவில் உருட்டி விரித்த கார்ப்பெட், ஓரத்தில் ஒரு துண்டு செயற்கைப் புல். ஒரே சுற்றில் மூன்று தரை! சாயந்திரம் அங்கே பிள்ளைகள் பேட்மின்டன் ஆடியிருப்பார்கள், தூசி வேறு.

கார்ப்பெட்டில் மட்டும் ஓடிய ஆரம்பகாலக் கார்களுக்கு ஸ்பாஞ்ச் டயர்தான். சக்கரத்தில் ஒட்டி, லேத்தில் வைத்துச் சீவி வட்டமாக்குவார்கள். அதன் மேல் ஒரு திரவம் தடவுவார்கள். நம்மூர் ஐயோடெக்ஸ் வாசனை அப்படியே அடிக்கும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது அதே விண்டர்கிரீன் சரக்கு. திரவம் ஊறிய ரப்பர் மெத்தென்று ஆகிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஹால் முழுக்க வலித்தைல வாசனை என்றால் ஹால்காரன் சும்மா இருப்பானா? பிற்பாடு பல இடங்களில் வாசனைச் சரக்குக்குத் தடை வந்தது, வாசனையில்லாத ரகங்கள் வந்தன.

சரி, ரப்பர் ஏன் பிடிக்கிறது? இதற்குப் பதில் சொன்னதில் முக்கியமான ஆள் கே.ஏ. குரோஷ். 1963-ல், இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்த இயற்கை ரப்பர் ஆராய்ச்சிச் சங்கத்தில் இருந்தபோது அவர் வெளியிட்ட கட்டுரை இன்றைக்கும் டயர்க்காரர்களுக்குப் பாடம். ரப்பரைக் கண்ணாடி மேலும் உப்புத்தாள் மேலும் மெள்ள இழுத்து, குளிரிலும் சூட்டிலும் அளந்தார். இரண்டு விதப் பிடி இருப்பது தெரிந்தது. ஒன்று, வழவழப்பான பரப்பில் ஒட்டுகிற பிடி. மற்றது, சொரசொரப்பில் ரப்பர் நசுங்கி நசுங்கி எழும்போது சக்தி விரயமாவதால் வரும் பிடி. பரப்பில் பொடியைத் தூவினாரோ இல்லையோ, ஒட்டுகிற பிடி காணாமல் போயிற்று! மரத்தரைத் தூசியில் கார் வழுக்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நம்மவர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஆராய்ச்சிச் சங்கம் நடந்தது மலாயா ரப்பரில் வசூலித்த பணத்தில். அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன நம் ஜனங்கள். குரோஷின் கட்டுரையில் அவர்கள் பெயர் இருக்காது. இந்த மலரிலாவது ஒரு வரி இருக்கட்டும்.

1984-ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் கம்பெனி ஆர்சி10 என்ற பக்கி காரைக் கொண்டு வந்தது. மண்ணில் ஓடப் பிறந்த பத்தில் ஒரு பங்கு அளவு பக்கிகளை இங்கிலாந்துக்காரர்கள் குளிர்காலத்தில் ஹாலுக்குள் இழுத்து வந்தார்கள். அங்கே பேர் எடுத்தவர் ஸெஸில் ஷூமாக்கர். காஸ்வொர்த்தில் ரேஸ் என்ஜின் வேலை பார்த்தவர். 1980-ல் நார்தாம்ப்டனில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1987 உலகப் போட்டியில் அவருடைய கேட் காரை ஓட்டி ஜப்பானின் மசாமி ஹிரோசாகா நான்கு சக்கர ஓட்டப் பிரிவில் ஜெயித்தார். அந்தக் கம்பெனியின் 'மினி பின்' டயர் கலப்புத் தரைக்கென்றே அமைந்தது போல ஆனது. உடம்பெல்லாம் பொடிப்பொடியான ரப்பர்க் குச்சிகள். கார்ப்பெட்டில் அவை நூலுக்குள் இறங்கிக் கவ்வும். மரத்தரையில் நுனிகள் மட்டும் தொடும். புதுக் குச்சி வளைந்து ஆடும் என்பதால், கொஞ்சம் தேய்ந்த டயரை ரேஸுக்கென்று பத்திரமாக எடுத்து வைப்பவர்கள் உண்டு.

மூன்று தரைக்கும் பொருந்துகிற டயர் கிடையவே கிடையாது. எங்கே அதிக நேரம் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வழுக்கும் இடத்துக்குப் பின் டயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அப்புறம் கார்ப்பெட்டில் பிடி அளவுக்கு மிஞ்சி, வளைவில் கார் பக்கவாட்டில் உருண்டு விழும். அதற்கு வைத்தியம், முன் டயரின் பிடியைக் குறைப்பது. டயரின் பக்கச் சுவரில் ஃபெவிக்விக் மாதிரிப் பசையை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால் ஓரம் கல்லாகிவிடும், கவ்வாது. பத்து ரூபாய் வைத்தியம்!

அப்புறம் சூடு. ரப்பருக்குக் குளிரும் வேகமும் ஒன்று போலத்தான், இரண்டிலும் விறைக்கும் என்பதும் குரோஷ் காட்டியது. இங்கிலாந்து ஹாலின் குளிருக்கு ஏற்ற மெத்து ரகத்தை நம்மூர் 35 டிகிரியில் போட்டால் குழைந்து சீக்கிரம் தேய்ந்துபோகும். வெளிநாட்டுச் சாம்பியன் போட்ட டயர் என்று கேட்டலாக்கைப் பார்த்து வாங்காதீர்கள் தம்பிகளா. ஒரு படி கெட்டியான ரகத்திலிருந்து ஆரம்பியுங்கள். மொசைக்கை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஓட்டுங்கள்.

காசு விஷயத்தில் ஒரு சண்டை நெடுநாளாக உண்டு. பத்து ரக டயர் வாங்கக் கூடியவன்தான் ஜெயிப்பான் என்ற நிலை வந்ததும், பல போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே டயர் என்று விதி போட்டார்கள். "சுதந்திரம் போச்சு" என்று சிலர் குதித்தார்கள். என் ஓட்டு ஒரே டயருக்குத்தான். ஹாஸ்டல் பையனும் கார் வைத்த வீட்டுப் பையனும் ஒரே ரப்பரில் நின்றால், அப்புறம் ஸ்பிரிங், எடை, ஓட்டுகிற கை, இவைதான் பேசும். அடுத்த போட்டிக்கு நம் மாணவர்கள் இந்த விதியைப் போடுவதாக இருந்தால் முதல் பத்து செட் டயர் என் செலவு. ரகத்தை மட்டும் அவர்களே ஹாலில் ஓட்டிப் பார்த்து, நேரம் குறித்துச் சொல்ல வேண்டும்.