நைனாவின் டயர் செருப்பு

போகிக்கு இரண்டு நாள் முன்னால் பரணைக் காலி செய்தோம். ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சாக்குப் பை. அதற்குள் என் நைனாவின் டயர் செருப்பு. நைனா போய் இருபத்தெட்டு வருடம் ஆகிறது. ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காலில் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய வெடிப்பு விழுந்திருந்தது. மற்றபடி வார் அறவில்லை, அடி ஓட்டையாகவில்லை.

பேரன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல டயர் மார்க் இருக்கு" என்றான். "டயர்தான்டா" என்றேன். நம்பவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு டயர் செருப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு மலிவான பொருள் ஏன் அத்தனை காலம் உழைத்தது, பிறகு ஏன் காணாமல் போனது என்பதை நானே இப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அவருடைய குடும்பத்தின் வங்கி 1938இல் மூழ்கிப்போய், சொத்தெல்லாம் இழந்திருந்த நேரம். 1949இல் தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகம் போட்டார். 1952இல் ட்ரெட் ரப்பர் செய்யத் தொடங்கினார். அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆனது. ஊசி பட்டால் வெடித்துப்போகிற பலூனில் தொடங்கிய தொழில், தேய்ந்த டயருக்கு மறுபிறவி கொடுக்கிற சரக்குக்கு வந்து சேர்ந்தது.

ட்ரெட் ரப்பர் என்றால் லாரிக்காரர்களுக்குத் தெரியும். டயரின் மேற்பரப்பில் இருக்கும் பட்டன் தேய்ந்து மொட்டையானதும், மிச்சத்தை உரசி எடுத்துவிட்டு, ரப்பர் கரைசலைத் தடவி, புதுப் பட்டையைச் சுற்றி, அச்சில் வைத்துச் சூட்டில் வேகவைப்பார்கள். டயர் மறுபடி ஓடும். 1956 முடிவதற்குள் நாட்டின் ட்ரெட் ரப்பர் வியாபாரத்தில் பாதி எம்.ஆர்.எஃப். கைக்கு வந்துவிட்டது. 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு சேர்ந்து திருவொற்றியூரிலேயே டயரும் செய்தார்கள்.

அதே காலத்தில் எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் வந்தது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியா. ஒரு பக்கம் லாரி செய்தார்கள், ஒரு பக்கம் டயர் செய்தார்கள். பக்கத்தில் துறைமுகம், இரவும் பகலும் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள். ஆகவே பழைய டயருக்கு நம் பக்கம் பஞ்சமே இருந்ததில்லை. காசிமேட்டில் படகுகள் மோதிக்கொள்ளாமல் இருக்கப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். பையன்கள் குச்சியால் தட்டி உருட்டினார்கள். இரண்டு மூன்று முறை ரீட்ரெடிங் ஆகி, இனி லாரிக்கு உதவாது என்று கழித்த டயர்தான் செருப்பு தைக்கிறவரிடம் வந்தது.

கல்மண்டபத்தில் ஒரு மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. அகலமான ஒரு கத்தி, ஊசி, இரும்புக் கட்டை, சுத்தி, ஒரு தகர டப்பாவில் தண்ணீர். கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத்தான் வெட்டுவார். காய்ந்த கத்தியை ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஈரக் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். காலைப் பலகையில் வைக்கச் சொல்லிச் சாக்பீஸால் வரைவார். வாருக்குப் பழைய டியூப், அல்லது டயரிலிருந்து உரித்த மெல்லிய அடுக்கு. கொஞ்சம் ஆணி, கொஞ்சம் தையல். அரை மணியில் ஜோடி தயார். நான் சிறுவனாக இருந்தபோது நைனா கொடுத்தது இரண்டு ரூபாயோ என்னவோ. தோல் செருப்பின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அந்தப் பெரியவரைத் தெருவில் பலர் "ஏய்" என்றுதான் கூப்பிடுவார்கள். நைனா மட்டும் "அண்ணே" என்பார். அவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே நைனாவிடம் சொன்னது நினைவிருக்கிறது: "இத்த வாங்கினு போறவன் திரும்ப வரவே மாட்டான் தம்பி. எனக்கு இன்னா வருமானம் சொல்லு?" தோல் செருப்பு வாங்கியவன் மாதம் ஒருமுறை வார் தைக்க வருவான். டயர் செருப்பு வாங்கியவன் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்க மாட்டான்.

ஏன் அவ்வளவு உழைத்தது? அது செருப்புக்காகச் செய்த பொருளே இல்லை. ஒரு லாரி டயர் ஏறக்குறைய இரண்டு டன் பாரத்தைத் தாங்கிக்கொண்டு சூடான சாலையில் ஆயிரக்கணக்கான மைல் ஓடுவதற்காகச் செய்யப்படுகிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்தால் உருகாமல், ஒட்டாமல் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். பிறகு கார்பன் கரி சேர்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது என்று தெரிந்தது. டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். ரப்பருக்குள்ளே பாய் பின்னினதுபோல் நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும். முன்பு ரேயான் நூல். அது ஈரத்தில் வலு இழக்கும். எம்.ஆர்.எஃப். 1973இல் நைலான் டயரைக் கொண்டுவந்தது. நைலான் தண்ணீரில் மக்காது. இப்படி இரண்டு டன்னைத் தாங்கியதன் மேல் அறுபது கிலோ மனிதன் நடந்தால் அதற்கு என்ன ஆகும்?

நைனாவுக்குத் துறைமுகத்தில் சுமை வேலை. வெயிலில் கொதிக்கும் இரும்புத் தளம், நிலக்கரித் தூள், உப்புத் தண்ணீர், உடைந்த கண்ணாடி, ஆணி. தோல் செருப்பு அங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. ஹவாய் செருப்பின் வார் பிடுங்கிக்கொள்ளும். டயர் செருப்பு மட்டும்தான் நின்றது. கனமானதுதான், குதிகாலைக் கடிக்கும்தான். ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும்.

எனக்கு அந்தச் செருப்பைக் கண்டாலே பிடிக்காது. பள்ளியில் என்னோடு படித்தவர்கள் சிலர், நான் நடந்து வந்தால் ஹார்ன் அடிக்கிற மாதிரி சத்தம் கொடுத்து, "லாரி வந்துடுச்சு டோய்" என்பார்கள். தெருமுனை வீட்டுத் திண்ணைக்குக் கீழே செருப்பை ஒளித்துவிட்டு வெறுங்காலோடு போவேன். ஒருநாள் நைனா வேலையிலிருந்து நேராகப் பள்ளிக்கு ஃபீஸ் கட்ட வந்தார். உடம்பெல்லாம் கரித்தூள், காலில் டயர் செருப்பு. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி போய்விட்டார்.

அடுத்த தவணைக்கு ஃபீஸ் கட்ட வந்தபோது சித்திரை வெயில். நைனா செருப்பில்லாமல் வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அவருக்கு நல்ல தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போகும்போது போட்டுக்கொள்வார். இரண்டாம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துக் கிழிந்தது. வேலைக்குக் கடைசிவரை டயர் செருப்புதான்.

கஷ்டத்துக்குச் செய்துகொண்டது என்று நான் நினைத்த பொருளுக்கு உலகத்தில் வேறு மரியாதையும் இருந்தது என்று பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட வியட்நாம் வீரர்கள் ராணுவ வண்டிகளின் டயரை வெட்டிச் செருப்பு செய்தார்கள். ஹோ சி மின் குடியரசுத் தலைவரான பிறகும் அதையே போட்டிருந்தார். அவர் செருப்பை ஹனாயில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கென்யாவின் மாசாய் மக்கள் மாடு மேய்க்கப் போவதும் டயர் செருப்பில்தான்.

நம் பக்கம் அது மறைந்ததற்கு மலிவான பிளாஸ்டிக் செருப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் டயருக்குள்ளேயே இருக்கிறது. திருவொற்றியூரில் பலூன் கொட்டகை போட்ட அதே 1946இல், பிரான்சில் மிஷ்லின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கியது. அதில் மேற்பரப்புக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள். இந்திய லாரிகளில் அது பரவலானது கடந்த பதினைந்து, இருபது வருடங்களில்தான். அந்த மிஷ்லினே இப்போது நமக்கு வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேர்வாய் கண்டிகையில் லாரி டயர் செய்கிறது. ரேடியல் டயர் லாரிக்கு நல்லது. டீசல் மிச்சம், ஆயுள் அதிகம். ஆனால் எஃகுக் கம்பியைக் கல்மண்டபத்துப் பெரியவரின் கத்தி வெட்டாது. கஷ்டப்பட்டு வெட்டினாலும் கம்பி முனை காலைக் கிழிக்கும். லாரிக்கு டயர் உறுதியாக உறுதியாக, ஏழையின் காலுக்கு அது உதவாமல் போய்விட்டது.

அதனால் பழைய டயர் இன்று பாரமாகிவிட்டது. போகி விடியலில் அதைக் கொளுத்தி, ஊரே கரும்புகையில் மூச்சுத் திணறி, மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் போன கதையெல்லாம் நமக்குத் தெரியும். இப்போது கொளுத்தாதீர்கள் என்று சொல்லி மாநகராட்சியே வந்து வாங்கிக்கொண்டு போகிறது.

இந்தப் போகிக்கும் வண்டி வந்தது. மருமகள் பழைய பாய், தலையணை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, செருப்பைக் காட்டி, "மாமா, இதையும் போட்டுடலாமா?" என்றாள்.

"அது இருக்கட்டும்மா" என்றேன். வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் பால் வாங்கப் போகும்போது போட்டுக்கொள்கிறேன். நைனா கால் அளவும் என் கால் அளவும் ஒன்றுதான்.