சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சமாதானப் பேச்சு

கோட்டை என்றால் கதாசிரியர்களுக்குக் கொண்டாட்டம். அகழி, சுரங்க வழி, நள்ளிரவில் குதிரைக் குளம்பொலி, உப்பரிகையில் ஓர் இளவரசி! பத்து அத்தியாயங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் இளவரசி யாரும் வாழ்ந்ததில்லை. வாழ்ந்தவர்கள் டச்சு வியாபாரிகள். அவர்கள் காவல் காத்தது சிம்மாசனத்தை அல்ல, துணி மூட்டைகளை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிக் கடலோரத்தில் இருக்கிறது ஊர். ஐரோப்பியர் நாக்கில் அதன் நீண்ட பெயர் தேய்ந்து 'சத்ராஸ்' ஆயிற்று. இந்த வட்டாரத்து நெசவாளர்கள் நெய்த மெல்லிய மஸ்லின் துணிதான் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரை இங்கே இழுத்து வந்தது.

பழைய கோட்டைகளைக் கால்நடையாகவே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மணலில் கால் புதையப் புதையச் சுவரைச் சுற்றி வந்தேன். கருங்கல் கோட்டை அல்ல, செங்கல் கோட்டை. உப்புக் காற்று அந்தச் செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. உள்ளே போனால் தானியமும் சரக்கும் வைத்திருந்த பெரிய கிடங்குகள் நிற்கின்றன. ஒரு பக்கம் மதில் சூழ்ந்த சிறிய கல்லறைத் தோட்டம். கற்பலகைகளில் டச்சு எழுத்துக்களும் குலச் சின்னங்களும் இன்னும் கூர் மழுங்காமல் இருக்கின்றன. சுவரை விடக் கல்லறைக்கு ஆயுள் கெட்டி!

இந்தக் கிடங்குகளின் நிழலில் நின்றபோது எனக்கு 1754-ஆம் வருஷத்து ஜனவரி மாதம் நினைவுக்கு வந்தது.

அப்போது கர்நாடக நவாப் பட்டத்துக்காக நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. முகமது அலியே நவாப் என்றார்கள் ஆங்கிலேயர். இல்லை என்றார் புதுச்சேரியிலிருந்த டூப்ளே. திருச்சிராப்பள்ளியைச் சுற்றி வருஷக் கணக்கில் சண்டை. இரண்டு கம்பெனிகளின் பொக்கிஷமும் வற்றிப் போயிற்று. பேசிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். எங்கே பேசுவது? சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சேராத டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினம் வாகாக இருந்தது.

சென்னையிலிருந்து வான்சிட்டார்ட், பால்க் என்ற இருவர் வந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்தவர்களில் லாவூர் என்ற யேசு சபைப் பாதிரியாரும் ஒருவர். பால்க்கும் கம்பெனிக்குப் பாதிரியாராக வந்து அரசியலில் புகுந்தவர்தான். இரு தரப்பிலும் வேதம் படித்தவர்கள் இருந்ததால் சமாதானம் பிறந்திருக்கும் என்று நினைப்பீர்கள். பிறக்கவில்லை.

ஏன்? காகிதத்தால்! 'எந்த அதிகாரத்தில் பேசுகிறீர்கள்? பாதுஷாவின் சன்னது எங்கே?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் நீட்டிய பத்திரங்களின் முத்திரை மெய்யா, போலியா என்று சர்ச்சை கிளம்பிற்று. டில்லியில் பாதுஷாவின் பேச்சு அரண்மனை வாசலைத் தாண்டாத காலம் அது. அவருடைய ஆணையைச் சல்லிக்காசுக்கு மதிக்காதவர்கள், அவருடைய முத்திரையைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடினார்கள். யார் நவாப் என்பதில் இரு தரப்பும் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

விளைவு என்ன? அந்த ஆண்டு ஆகஸ்டில் கோதே என்பவர் பிரான்சிலிருந்து வந்து டூப்ளேயின் பதவியைப் பறித்தார். அக்டோபரில் டூப்ளே கப்பலேறினார். 1763-இல் பாரிசில் வறுமையில் மாண்டார். கோதே செய்துகொண்ட உடன்படிக்கையும் நிலைக்கவில்லை. மீண்டும் போர் மூண்டு 1761-இல் புதுச்சேரியே விழுந்தது. ஜயித்த முகமது அலியாவது சுகப்பட்டாரா? கடனில் மூழ்கினார். அவருடைய வம்சத்தாரிடமிருந்து 1801-இல் நாடே கம்பெனியின் கைக்குப் போயிற்று. சதுரங்கப்பட்டினத்துப் பேச்சு பலித்திருந்தால் இதெல்லாம் நடந்தே இராது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் சில வருஷங்களாவது உழவனின் வயல் மிதிபடாமல் இருந்திருக்கும். அந்த வயலைப் பற்றி எந்தச் சன்னதிலும் எழுதியிருக்கவில்லை.

நடுநிலை வகித்த டச்சுக்காரரும் தப்பவில்லை. ஐரோப்பாவில் அவர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூளவே, 1781-இல் இந்தக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி, இதே கடலில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. வெற்றி தோல்வி இல்லை. பிறகு 1818-இல் கோட்டை டச்சுக்காரருக்குத் திரும்பி வந்தது. 1824-இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம். சுமாத்திராவில் பெங்கூலனை டச்சுக்காரர் பெற்றார்கள். மலாக்காவையும் இந்தியாவில் தமக்கிருந்த இடங்களையும் ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் சதுரங்கப்பட்டினமும் ஒன்று. காகிதத்தால் முறிந்த பேச்சைக் கேட்ட கோட்டை, கடைசியில் காகிதத்தாலேயே கைமாறிற்று.

பால்க் பிற்பாடு சென்னைக் கவர்னரானார். நமக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் நீரிணை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. துணியை வாங்கிக் கப்பலேற்றியவர்களின் பெயர்கள் கோட்டைக்குள்ளே கல்லில் இருக்கின்றன. அதை நெய்தவன் பெயரைத் தேடிக் கல்லறைத் தோட்டத்தை இரண்டு முறை சுற்றி வந்தேன். அவனுக்கு அங்கே கல் இல்லை.