இரைப்பை

‘இரை’, ‘பை’ என்னும் இரு சொற்கள் புணர்ந்து, இடையே பகர ஒற்று மிகுந்து அமைந்த இத்தொகைச்சொல், உட்கொண்ட உணவு தங்கும் உறுப்பைக் குறிக்கும். இரை என்பது இன்று பெரும்பாலும் விலங்கு, பறவைகளின் உணவுக்கே வழங்கினாலும், இச்சொல்லில் மனிதர் உண்பதையும் தழுவி நிற்கிறது. பேச்சுவழக்கில் ‘வயிறு’ என்பது குடல், கல்லீரல் முதலியன அடங்கிய வயிற்றறை முழுவதற்கும் பெயராக இருப்பதால், மருத்துவ நூல்களில் இரைப்பை என்று பிரித்துச் சொல்வதே பொருத்தமானது.

உணவுக்குழாயின் முடிவில், உதரவிதானம் எனப்படும் தசைத்திரைக்குக் கீழே இடப்புறமாக அமைந்த இவ்வுறுப்பு, வளர்ந்தவரிடம் ஏறத்தாழ ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். எனினும் இது வெறும் கொள்கலமன்று. நீள்வாக்கிலும் வட்டமாகவும் சாய்வாகவும் ஓடும் மூவகைத் தசையடுக்குகள் உணவைப் பிசைய, சுவரிலுள்ள சுரப்பிகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பெப்சினோஜெனையும் சுரக்கின்றன. பெப்சினோஜென் அவ்வமிலத்தால் பெப்சின் என்னும் நொதியாக மாறிப் புரதத்தைச் சிதைக்கத் தொடங்குகிறது. இத்தகைய அமிலம் தன் சுவரையே அரித்துவிடாதபடி கோழைப்படலம் காப்பது இவ்வுறுப்பின் மிக வியத்தகு ஏற்பாடு. 1822இல் துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் துளை நிலைத்துவிட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இரைப்பையை நேரில் ஆய்ந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் போமான்ட், செரிமானத்தில் வேதிச்செயலுக்குள்ள பங்கை 1833இல் நூலாக வெளியிட்டார். இரைப்பையில் கூழாகும் உணவு சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குச் செல்ல, சத்துகளின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது.